டீச்சர் வீட்டு மச்சும் அம்மாவின் சாக்குத் தோட்டமும்

பங்குனி மாதத் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கம்பளி நூல் பின்னுகிற ஆண்பிள்ளை எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். ஒளித்து வைத்துப் பின்னலாம் என்றால் அதற்கு வீட்டில் இடமில்லை. மணக்காட்டுப் பக்கம், சாலைக் கடைத்தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில், ஓய்வுபெற்ற ஒரு டீச்சரின் வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். மாடியில் பாதிதான் கட்டியிருக்கிறது, இரண்டு அறையும் ஓர் அடுக்களையும். மிச்சம் திறந்த டெரஸ். அந்த டெரஸுக்கு நேர் கீழே டீச்சரின் படுக்கையறை. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

பின்னல் எனக்கு, ஐ.டி. ஆபீஸ்கள் இருக்கும் கழக்கூட்டத்தில் தொற்றிய பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே ஹாஸ்டலில் இருந்தேன். என் அறையில் வடக்கே மலைப்பக்கத்துப் பையன் ஒருவன். அவன் ஊரில் ஆண்களும் பின்னுவார்களாம். ஷிஃப்ட் முடிந்து வந்தால் கட்டிலில் சம்மணம் போட்டு, இரண்டு ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நாள் முழுக்க ஹெட்போனில் யாராவது ஒரு வாடிக்கையாளரின் கோபத்தைக் கேட்டுவிட்டு வருகிற எனக்கு அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாலே தலைக்குள் இரைச்சல் அடங்கும். பிறகு பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க முடியவில்லை. கல்யாணமாகி, அப்பா அம்மாவோடு இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது என் பெட்டியில் ஊசிகளும் வந்தன.

அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை.

"எலே, இந்த வேக்காட்டுல எவம்லே கம்பளி போடுவான்?"

"பொன்முடி மலைக்குப் போனா போடலாம்லா."

"பொன்முடிக்குப் போறவரைப் பாரு. பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போயி, கல்லாத்துல கால நனைச்சிட்டுத் திரும்பி வந்தவந்தான நீ?"

அது உண்மை. அன்றைக்கு மலை ஏறுகிற பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அதைச் சொன்னால் என் மனைவி இன்றும் சிரிப்பாள். அவள் நாகர்கோவில் பக்கம். எனக்குப் பின்னல் என்றால் அவளுக்குத் துண்டுத்துணிப் போர்வை. என் அப்பா சாலைக் கடைத்தெருவில் ஜவுளி மூட்டை இறக்குகிறவர். கடைகளில் வெட்டி மிஞ்சுகிற துணிகளை மடியில் கட்டிக்கொண்டு வருவார். அவள் அவற்றை வெட்டி, நிறம் பார்த்து ஒட்டி, நடுவில் பழைய பருத்திச் சேலையை வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுவாள். எங்கள் வீட்டில் ஆட்களைவிடப் போர்வைகள் அதிகம். ஃபேன் ஓடாத நேரத்தில் ஒன்றையும் போர்த்திக்கொள்ள முடியாது.

அம்மாவுக்கு டெரஸ்.

அம்மா கட்டட வேலைக்குப் போனவள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து அப்பாவோடு இங்கே வந்து, சாந்துச் சட்டி சுமந்து என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான்தான். இன்றைக்கு நான் வேலை பார்க்கிற வரிசையில் இருக்கும் ஒன்றிரண்டு கட்டடங்களுக்கு அம்மா சுமந்திருக்கிறாள். லிஃப்ட் பழுதாகி, படியேறும் நாட்களில் எனக்கு அது நினைவுக்கு வரும். முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகு சும்மா இருக்கத் தெரியாமல், வெறும் சிமெண்ட் சாக்குகளில் மண் நிரப்பி டெரஸில் வரிசையாக வைத்தாள். மண்ணை அப்பா சுமந்து ஏற்றினார். வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, ஒரு பக்கம் பந்தல் போட்டுப் பாகல். எங்களுக்கு ஊரிலும் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள்தான் எல்லோரும். தான் வைத்ததைத் தானே பறித்துத் தன் சட்டியில் போடுவது அம்மாவுக்கு இந்த டெரஸில்தான் முதல்முறை. ஒவ்வொரு செடியிலும் முதல் காயைத் தெருமுனை அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் அடுத்த காயைத் தொடுவாள். பாகற்காயையும் வைப்பாள். "அம்மனுக்குச் சுகர் வராது பாரு," என்பார் அப்பா.

இப்படி மூன்று பேரும் மூன்று திசையில் எங்கள் பாட்டுக்கு இருந்தோம். பங்குனி பிறந்து சில நாளில் டீச்சர் படியடியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார். டீச்சர் எங்களோடு பேசுவது தமிழ்தான், ஆனால் பாதிக்கு மேல் மலையாளம்.

"அக்கா, ஒண்ணு கீழ வரணும். மோனும் வா."

படுக்கையறையில் அம்மாவையும் என்னையும் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். மச்சில், அதாவது கூரையின் உட்பக்கத்தில், பெரிய தேசப்படம் போலக் கறுத்திருந்தது. ஓரமெல்லாம் சுண்ணாம்பு பொருக்கு விட்டிருந்தது.

"நோக்கு. மழை பெய்ஞ்சு மாசம் எத்தனை ஆச்சு? ஊர் முழுக்க வெயில். என்டெ மச்சுல மட்டும் மழைக்காலம்."

டீச்சர் சொன்னது நியாயம்தான். காலையும் சாயங்காலமும் அம்மா செடிகளுக்குத் தண்ணீர் விடுவது அபிஷேகம் போலத்தான். சாக்கில் ஊறியது போக மிச்சம் டெரஸில் ஓடும்.

"சித்திரை விஷுவுக்கு மோள் வருது, கைக்குஞ்சோட. இந்த ஈரத்துக்குக் கீழ குஞ்சை எங்ஙன கிடத்தும்? அதுக்கு முன்னாடி பெயின்டரை வரச் சொல்லியிருக்கேன். அவன் தொட்டு நோக்கி, ஈரம் உண்டுன்னு சொன்னா சாக்கெல்லாம் எறக்கணும். எனிக்கு வேற வழியில்ல, கேட்டோ."

மகளுக்கும் பேரக்குழந்தைக்கும்தான் கேட்டார், கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் அம்மாவும் திருப்பிச் சொல்லியிருப்பாள். இறக்கினால் கீழே வைக்க ஒரு சாண் மண் கிடையாது. முற்றம் முழுக்கக் கல் பதித்து, டீச்சரின் கார் நிற்கிறது. இறக்குவது என்றால் தெருவில் கொட்டுவதுதான்.

"சரி டீச்சரே," என்று சொல்லிவிட்டு அம்மா மேலே வந்தாள். பாகல் பந்தலின் கீழே போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் முதல் பிஞ்சு பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா மூட்டைக்குப் போட்ட துண்டை உதறிக்கொண்டே கேட்டார்: "தண்ணியக் கொறைச்சா என்ன?"

குறைத்துப் பார்த்தோம். வெண்டை தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. சாக்குகளுக்கு அடியில் பழைய தட்டுகளை வைத்துப் பார்த்தோம். தட்டு நிரம்பி வழிந்தது, கூடவே கொசுவும் வந்தது.

"நீ படிச்சவந்தானலே? ஒரு வழி சொல்லு," என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் என் படிப்பு எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நம்பிக்கை. கரண்ட் பில் கூடினாலும், அப்பாவுக்குப் பல் வலித்தாலும் அதே கேள்விதான் வரும். நான் போனில் தேடினேன். எல்லோரும் குழாய், மோட்டார், டைமர் என்று வாடகை வீட்டில் செய்ய முடியாததையே சொன்னார்கள்.

வழி அடுக்களைத் தரையில் கிடைத்தது.

முன்பு ஒருமுறை, கம்பளிதானே எல்லோருக்கும் கேலியாக இருக்கிறது என்று, பருத்தி நூலில் அம்மாவுக்கு ஒரு கைத்துண்டு பின்னினேன். அகலம் சரியாக வராமல் ஒடுங்கி நீண்டு பெல்ட் மாதிரி வந்தது. அம்மா அதைச் சட்டி தேய்க்க எடுத்துக்கொண்டாள். ஒரு காலையில் நான் ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து சத்தம்.

"யாருலே வாளிய சாச்சது? தரையெல்லாம் தண்ணி!"

யாரும் சாய்க்கவில்லை. வாளியின் விளிம்பில் அந்தப் பின்னல் துண்டு கிடந்தது. ஒரு முனை உள்ளே தண்ணீரில், மறுமுனை வெளியே தொங்கிக்கொண்டு. வெளியே தொங்கிய முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. துண்டு வாளித் தண்ணீரை உறிஞ்சி, விளிம்பேற்றி, வெளியே இறக்கிக்கொண்டிருந்தது. நான் ஷூவோடு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ஆபீஸ் பஸ் போய்விட்டது. அதற்காக நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

சாயங்காலம் எல்லோரையும் டெரஸில் உட்கார வைத்து விளக்கினேன். சாக்கை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைக்க வேண்டும். செங்கலுக்கு நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து, அதன் மேல்பக்கத்தில் ஒரு துளை. சாக்கின் அடியிலும் ஒரு துளை. நான் பின்னுகிற திரியின் ஒரு முனை மண்ணுக்குள், மறுமுனை பாட்டிலுக்குள். மேலே தண்ணீரே ஊற்ற வேண்டாம். திரி கீழேயிருந்து குடித்து மண்ணுக்குக் கொடுக்கும். டெரஸில் ஒரு சொட்டு விழாது.

"மண்ணெண்ணெ ஸ்டவ் மாதிரி," என்றார் அப்பா.

"அதேதான்."

"செடி கத்தாதா?" என்றாள் அம்மா.

"எதுக்குக் கத்தணும்?"

"மேல ஊத்தினாத்தானலே அதுக்குக் குளிச்ச மாதிரி இருக்கும்."

செடியைக் குளிப்பாட்டுவது என் பாடத்தில் வரவில்லை. ஆனாலும் அம்மா சம்மதித்தாள். ஒரு நிபந்தனை மட்டும். சட்டி தேய்க்கிற அந்தத் துண்டை வெட்டி முதல் திரியாக வைக்கலாம் என்று நான் எடுத்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

"மீன் சட்டி தேச்சத அதுக்கு வைக்காத. மொதக் காயி அம்மனுக்குப் போறது. எல்லாம் புதுசா இருக்கட்டும்."

அப்பா மறுநாள் சாலைக் கடைத்தெருவிலிருந்து வெளுக்காத பருத்தி நூல் உருண்டைகள் கொண்டுவந்தார். கடைகளில் பொட்டலம் கட்டிக் கொடுப்பதற்கு வைத்திருக்கும் நூல். லேசான பழுப்பு நிறம், நல்ல முறுக்கு. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பின்னினேன். கழக்கூட்டத்து டிராஃபிக் நெரிசல் அதுவரை எனக்கு இவ்வளவு உதவியதில்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். "எந்தாணு சாதனம்?" என்று ஒருவர் கேட்டார். செடி தண்ணீர் குடிக்கிற குழல் என்றேன். அவர் மறுபடி ஹெட்போனைப் போட்டுக்கொண்டார்.

விரல் தடிமனில் உருண்டையான திரிகள். ஒவ்வொன்றாகப் பின்னி முடித்ததும் அம்மா அதன் நுனியில் மஞ்சள் தொட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் உடுத்துவதில்லை. திரிக்கும் அதே மரியாதை. சாக்குகளைச் செங்கல்மேல் ஏற்றினோம், பாட்டில்களை நிரப்பினோம். நான் வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தபோது பாட்டிலில் தண்ணீர் நிரப்பியபடியே இருந்தது. மண் காய்ந்து கிடந்தது. கத்தரி இலைகள் துவண்டு தண்டோடு ஒட்டிக் கிடந்தன. மறுநாளும் அப்படியே. தண்ணீருக்குள் கிடந்த நுனி மட்டும் நனைந்திருந்தது. அதற்கு மேலே ஓர் அங்குலம்கூட ஏறவில்லை.

"படிச்சவன் வச்ச திரி," என்றார் அப்பா, "எரியவும் இல்ல, நனையவும் இல்ல."

அம்மா சிரிக்கவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு போய் வாடின செடிக்கெல்லாம் மளமளவென்று ஊற்றினாள். தண்ணீர் செங்கலைச் சுற்றிக்கொண்டு டெரஸில் ஓடி, டீச்சரின் மச்சை நோக்கிப் போனது. நான் துடைப்பத்தால் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். பெயின்டர் வர அதிக நாள் இல்லை. பாகல் பிஞ்சு வெள்ளரிப்பிஞ்சு அளவுக்கு வந்திருந்தது. அது காயாகும்வரை இங்கே இருக்குமா, இதுதான் அப்போது வீட்டில் எல்லோர் மனதிலும்.

பழைய துண்டு குடித்தது. புதுத் திரி குடிக்கவில்லை. இரண்டும் பருத்தி. இரண்டும் என் கைப்பின்னல். எனக்குப் புரியவில்லை. அலுவலகத்தில் ஒரு புரோகிராம் ஓடவில்லை என்றால் எங்கே தவறு என்று பிரித்துப் பிரித்துப் பார்ப்போமே, அப்படி ஒரு திரியை எடுத்து வைத்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி தைத்துக்கொண்டிருந்தவள், பக்கத்திலிருந்த டம்ளரில் விரலை நனைத்து, ஒரு சொட்டைத் திரியின்மேல் விட்டாள். சொட்டு உள்ளே போகவில்லை. உருண்டு நின்றது.

"சேம்பிலையில நிக்கது மாதிரி நிக்குது, பாருங்க."

"ஏன் நிக்குது?"

"நான் என்ன கண்டேன்? ஆனா புதுத்துணி எல்லாம் இப்பிடித்தான் நிக்கும். நான் வெட்டுத்துணிய அப்பிடியே வச்சுத் தைப்பேனா? சோடா மாவு போட்டு அவிச்சு அலசிட்டுல்லா தைக்கேன். இல்லைன்னா பொறவு சுருங்கி, கோணலா இழுத்துக்கும்."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க திரி பின்னுறேன்னுதான் சொன்னீங்க. துணின்னா சொன்னீங்க?"

பருத்திக்கு இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு, வெளுக்காத நூலில் அது அப்படியே இருக்கும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. நான் திரிகளைப் பிடுங்கி எடுக்க டெரஸுக்கு ஓடினேன். அவள் அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றினாள்.

அம்மா வந்து வழிமறித்து நின்றாள். "மஞ்ச வச்சதப் போயி அவிக்கக் கூடாது."

"அத்தே, அவிக்கலேன்னா தண்ணி ஏறாது."

"மங்கலமா வச்சிட்டு, கொதிக்கத் தண்ணியிலயா போடுவாவ?"

என் மனைவி அதற்குமேல் வாதாடவில்லை. மாமியார் பேசிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த திரிக்கட்டைச் சட்டிக்குள் நழுவ விட்டுவிட்டாள். கொதிக்கிற சோடாத் தண்ணீரில் மஞ்சள் பட்ட நுனிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பிறகு அந்தச் சிவப்பு தண்ணீரில் கலந்து, சுற்றிச் சுற்றிப் பரவி, சட்டி முழுக்க ஒரே நிறமாக ஆனது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் வருமே, அதே நிறம். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏ பிள்ளே, இது ஆரத்தில்லா!"

என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். காரத்தில் மஞ்சள் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறேன். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதற்கும் காரணம் அதேதான் என்பதால், அம்மா சொன்னதில் பிழையும் இல்லை.

"ஆமா அத்தே. செடிக்கு ஆரத்தி எடுத்திருக்கு."

"அப்பம் நல்லா அவியட்டும்," என்றாள் அம்மா. அடுப்பைத் தானே தூண்டிவிட்டு, அகப்பையால் கிண்டினாள். மேலே மிதந்த அழுக்கு நுரையை வழித்து வழித்து எடுத்தாள். அலசிப் பிழிந்தபோது நூல் மெதுமெதுவென்று வேறு நூலாக இருந்தது. டம்ளரில் ஒரு முனையை விட்டோம். தண்ணீர் ஏறியது. கண்ணுக்கு முன்னால், ஈரத்தின் கறுப்பு ஒவ்வொரு கண்ணியாக மேலே ஏறி வந்தது. எட்டாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கியபோதுகூட நான் இப்படிக் கத்தவில்லை. கீழேயிருந்து டீச்சர், "எந்தா, எந்தா பற்றி?" என்று, என்ன ஆனதோ எனக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல டீச்சரே, ஏறிட்டு!" என்றாள் அம்மா.

என்ன ஏறியது என்று டீச்சருக்குப் புரிந்திருக்காது.

அடுத்த காலை அம்மா கத்தரிச் சாக்குக்குள் விரலை முழுக்க விட்டுப் பார்த்தாள். விரலை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த ஈர மண்ணை எல்லோரிடமும் காட்டினாள். அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினாள். ஆனாலும் மனது கேட்கவில்லை போலும். மத்தியானம் செம்போடு பந்தலுக்குள் நுழைந்தவளை என் மனைவி பிடித்துவிட்டாள்.

"அத்தே, அது குடிச்சிட்டுத்தான் இருக்கு. நீங்க வேற ஊட்டி விடாதீங்க."

"ஒரு வாய்தான் கொடுத்தேன். முகத்தக் கழுவ."

அதோடு செம்பு அடுக்களைக்குப் போனது.

பாட்டில்களில் வெயில் பட்டு இரண்டு மூன்று நாளில் உள்ளே பாசி பிடித்தது. பச்சைத் தண்ணீர் திரியை அடைத்துவிடும் என்று நான் கவலைப்பட்டேன். வெளிச்சம் படாமல் மூட வேண்டும். கறுப்புத் தாள் சுற்றலாம் என்று சொன்னேன். என் மனைவிக்கு அந்த யோசனை அவமானமாகப் பட்டது. துண்டுத்துணிப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அளவெடுத்து, போர்வைக்குத் தைப்பது போலவே மூன்று மடிப்பாகத் தைத்து, பக்கவாட்டில் நாடா வைத்து, திரி நுழைய மேலே ஒரு காஜா எடுத்தாள். சிவப்பில் பூப்போட்டது, நீலக் கோடு, பள்ளிக்கூடச் சீருடைக் கட்டம், சரிகைக் கரை வைத்த ஒன்று. அது மிளகாய்ச் செடிக்கு. வரிசையாகச் செங்கல்களுக்கு நடுவில், கல்யாண வீட்டுக்குக் கிளம்பின பிள்ளைகள் மாதிரி அவை படுத்திருந்தன.

துணி காயப்போட டீச்சர் மேலே வந்தார். நின்று பார்த்தார். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"இதெந்தா? குப்பிக்கு உடுப்போ!"

"வெயில் படப்பிடாதுல்லா டீச்சரே," என்றாள் அம்மா, ரொம்ப சாதாரணமாக. "அதான் சட்டை."

டீச்சர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. ஆனால் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் டெரஸ் தரையை இங்கும் அங்கும் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். தரை சுட்டிருக்கும். காய்ந்த சிமெண்ட்.

பெயின்டர் வந்த நாளில் நான் லீவு போட்டேன். அப்பாவும் சாலைக் கடைத்தெருவுக்குப் போகவில்லை. நால்வரும் டீச்சரின் படுக்கையறை வாசலில் நின்றோம், ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வருவதற்கு நிற்பது மாதிரி. கறுப்புப் படம் மங்கியிருந்தது, போகவில்லை. அதைப் பார்த்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெயின்டர் ஏணியில் ஏறினார். தகட்டால் ஓரத்தைச் சுரண்டினார். முன்பு ஈரச் சோறு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த சுண்ணாம்பு, பொடியாக உதிர்ந்து அவர் கண்ணிலேயே விழுந்தது. திட்டிக்கொண்டே கண்ணைக் கசக்கினார். அந்தத் திட்டு எங்களுக்குத் தேவாரம் போல இருந்தது. உள்ளங்கையை விரித்து மச்சில் வைத்தார். நடுவில், ஓரத்தில், மறுபடி நடுவில்.

"டீச்சரே, நல்லா உணங்ஙி. கறை மாத்திரமே உள்ளூ. இன்னு தன்னெ அடிக்காம்."

காய்ந்துவிட்டது, கறை மட்டும்தான், இன்றைக்கே அடிக்கலாம். அம்மாவுக்கு அந்த மலையாளம் நன்றாகப் புரியும். இருந்தும், "என்னலே சொல்லுதாரு?" என்று என்னிடம் கேட்டாள். தமிழில் ஒருமுறை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

"காஞ்சிட்டும்மா. முழுசாக் காஞ்சிட்டு."

டீச்சர் பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்தியவர். அடுத்தவர் போட்ட மார்க்கை அப்படியே ஏற்க மாட்டார். ஸ்டூல் போட்டுத் தானே ஏறி, புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு இறங்கி, ஸ்டூலைக் காட்டி, "அக்கா, நீ கேறு," என்றார்.

"நான் எதுக்கு டீச்சரே?"

"நீயும் தொடு. நாளைக்கு மழை வந்து ஒழுகினா, அது மழைன்னு ரெண்டு பேருக்கும் தெரியணுமே."

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் டீச்சர் பிடித்துக்கொண்டோம். மச்சில் கை வைத்து, தடவி, கையைத் திருப்பிப் பார்த்தாள். கை முழுக்க வெள்ளைப் பொடி.

"மாவு மாதிரில்லா இருக்கு," என்றாள். ஸ்டூலில் நின்றபடியே சிரித்தாள். இறங்கச் சொல்லியும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

டீச்சர் என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டார். திரி எந்த நூல், எப்படிப் பின்னுவது, பாட்டில் எத்தனை நாளைக்கு வரும். நான் சொன்னேன். என் மனைவி சோடா மாவைச் சொன்னாள். அம்மா ஆரத்தியைச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீச்சர், எங்கள் டெரஸை ஒட்டிய வாசல் திண்ணைக் கூரைப் பக்கம் கையைக் காட்டினார்.

"சிட்டவுட்டுக்கு மேல ஒரு தளம் சும்மா கிடக்குல்லே? நல்ல வெயில். அங்ஙோட்டும் வச்சோ. எனிக்கு வழுதனங்க மதி. மோளுக்கு இஷ்டம்."

வழுதனங்க என்றால் கத்தரிக்காய், அது மட்டும் போதுமாம். அம்மா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. நேரே படியேறினாள், முட்டி வலியையெல்லாம் கீழேயே விட்டுவிட்டு. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கத்தரிச் சாக்கைச் செங்கலிலிருந்து நகர்த்தத் தொடங்கியிருந்தாள்.

"நாளைக்கு வைக்கலாம்மா."

"நாளைக்கி என்ன? இப்பமே வெயில் அடிக்கி. நீ போயி திரி பின்னு. அந்தத் தளத்துக்கு இது காணாது. ஏ பிள்ளே, குப்பிக்கு இன்னும் சட்டை வேணும்."

அப்பா தலையில் துண்டைச் சுருட்டி வைத்தார். ஜவுளிக்கடை வாசலில் மூட்டை ஏற்றச் சொல்லிக் குனிவது மாதிரியே குனிந்தார். கூடவே மேலே வந்த பெயின்டரும் நானும் சேர்ந்து சாக்கைத் தூக்கி ஏற்றினோம். செடி நிமிர்ந்து அப்பாவின் தலைக்கு மேலே நின்றது, இரண்டு ஊதாப் பூக்களோடு. அரைச்சுவர் ஓரமாக அப்பா நடந்தார். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா முன்னால் போய்க்கொண்டே, யாருமே வழியில் இல்லாத அந்த மொட்டை மாடியில், "வழி, வழி! தள்ளிக்கோ!" என்று சத்தம் போட்டாள்.